ராஜா கை நீட்டி வாங்கின பனி

கரண்ட் போனா போகட்டும்டி தேனு. புழுங்குதுன்னு பாயில புரண்டுக்கிட்டே இருந்தா மட்டும் கரண்ட் வந்துடுமா? இரு. இந்த வெயிலுக்கு முதல்முதலா இன்னிக்குத்தான் பிரிட்ஜுல ஐஸ் வச்சேன். ஒரு கட்டியைக் கைக்குட்டையில முடிஞ்சு தர்றேன். கையை நீட்டு. வாங்கிட்டியா? நெத்தியில ஒத்திக்கோ. சில்லுன்னு இருக்கா?

"ம்."

அந்த சில்லுக்குத் தகுந்த மாதிரி ஒரு கதை சொல்றேன். நடுநடுவுல இதே மாதிரி ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நெனச்சு நானும் குறட்டை விட ஆரம்பிச்சுடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ராஜா... இல்ல, ராஜா அப்புறமா வரட்டும். வந்து எப்படியும் வேலையைக் கெடுக்கத்தான் போறாரு. ஒரு ஊர்ல ஒரு மலை இருந்துச்சு. வடக்க, ரொம்ப வடக்க. உங்க அத்தை யாத்திரை பஸ்ல சமையல்காரியா ஏழு தடவை போனேனே, அந்தப் பக்கம். நான் பார்த்த மலை வேற, இது கதை மலை. ஆனா குளிரு ஒரே குளிருதான்.

அந்த மலைக்கு அடியில ஒரு ஆறு, ‘ஹோ’ன்னு கத்திக்கிட்டே ஓடும். ஆத்துக்கு மேல படிப்படியா பார்லி வயலு. வயலுக்கு மேல சோரங்குன்னு ஒரு ஊரு, மொத்தம் நாப்பது வீடு. ஊருக்கு மேல நெருக்கமா ஒரு தேவதாருக் காடு. காட்டுக்கு மேல மொட்டைச் சரிவு, அது நேரா வானத்துக்குப் போயிடும். மார்கழி வந்தா அந்தச் சரிவுல இடுப்பு உசரத்துக்குப் பனி கொட்டும். மழை மாதிரி சளசளன்னு பேசிக்கிட்டு வராது. சத்தமே இருக்காது. காலையில கதவைத் திறந்தா வாசலைக் காணோம், கோழிக்கூண்டைக் காணோம், எல்லாம் வெள்ளை.

"ம்."

அந்த ஊர்ல மேல கடைசி வீடு, காட்டை ஒட்டினாப்புல இருக்குற வீடு, பெமாவோட வீடு. பெமா யாருன்னா, சறுக்குப் பலகை செய்யறவ. ரெண்டு மூங்கிலை வளைச்சு, மேல பலகை வச்சு, கயித்தால இறுக்கிக் கட்டுவா. பிள்ளைங்க அதுல உக்காந்து அவ வீட்டுக்குப் பின்னாடி இருக்குற சின்ன மேட்டுலேர்ந்து விடுவாங்க பாரு... சர்ர்ர்ர்ர்... பொத்! எழுந்து மறுபடி ஓடுவாங்க. அவளுக்கு ஒரு வயசுல ஒரு பொண்ணு. ஒரு யாக் மாடு. யாக்குன்னா, கம்பளியப் போத்திக்கிட்டே பொறந்த மாடு. புருஷன் கீழ் நாட்டுக்கு ஆட்டு ரோமம் விக்கப் போயிருந்தான், பனி முடிஞ்சாத்தான் திரும்புவான்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். நல்லா கேட்டுக்கோ, கதையே இதுலதான் நிக்குது. வருஷத்துல முதல் பனி விழுற அன்னிக்கு, ஒருத்தர் கையால நீ அந்தப் பனியை வாங்கிட்டேன்னா, தெரிஞ்சு வாங்கினாலும் சரி தெரியாம வாங்கினாலும் சரி, கொடுத்தவங்க கேக்குற ஒரு காரியத்தை நீ செஞ்சே ஆகணும். மாட்டேன்னு சொன்னா ஊர்ல யாரும் உன்கூட அடுப்பு நெருப்பு பகிர்ந்துக்க மாட்டாங்க. அந்தக் குளிர்ல நெருப்பு இல்லன்னா என்ன ஆகும்? அதனால முதல் பனி அன்னிக்கு எல்லாரும் ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிட்டு நடப்பாங்க. மாமியார் மருமக கிட்ட கரண்டி வாங்க மாட்டா. புருஷன் பொண்டாட்டி கிட்ட டீ வாங்க மாட்டான், "கீழ வை, நான் எடுத்துக்கறேன்"ம்பான். சின்னப் பிள்ளைங்க ஏமாத்திக் கொடுத்துட்டு "எனக்கு ஒரு வாரம் நீதான் தண்ணி தூக்கணும்"ங்கும்.

"ம். அத்தை, ராஜா எப்போ வருவாரு?"

அவசரத்தைப் பாரு. வந்துட்டாரு. அந்த மலை, ஆறு, காடு எல்லாத்துக்கும் ஒரு ராஜா. ஆனா அவரு இருந்தது கீழ, சமவெளியில, கானல்புரத்துல. அந்த ஊர்ல காக்கா கூட நிழலைப் பார்த்துத்தான் பறக்கும். ராஜா பேரு வெற்றிக்கொடியாரு. எங்க போய் ஜெயிச்சாருன்னு கேக்காத, பேருதான் வெற்றிக்கொடி. அவருக்கு ரெண்டு கையும் எப்பவும் முன்னாடி நீட்டினபடியேதான் இருக்கும். ஏன்னு கேளு.

"ஏன்?"

மாலை வாங்கி, பொன்னாடை வாங்கி, பரிசு வாங்கி அப்படியே பழகிப் போச்சு. தூக்கத்துல கூட கை நீட்டிக்கிட்டுத்தான் தூங்குவாராம்.

ஒருநாள் யாரோ ஒரு வியாபாரி வந்து, "மன்னா, உங்க மலையில ஜனங்க பனியில சறுக்கி விளையாடுறாங்க"ன்னு சொல்லிட்டான். அவ்வளவுதான். "என் பனி! என் மலை! நான் சறுக்காம யாரோ சறுக்கறதா?"ன்னு ராஜா குதிச்சாரு. உடனே பனித்துறைன்னு ஒரு துறை, அதுக்கு ஒரு அமைச்சர். பேரு கருணாகர முதலி. பனியை அவரு பார்த்ததே இல்ல. அதுதான் தகுதி. பார்த்திருந்தா ஒரு பக்கமா பேசுவாருன்னு சொல்லிட்டாங்க.

அமைச்சர் முதல்ல என்ன பண்ணாரு? மலையிலேர்ந்து ஒரு வண்டி நிறைய பனி கொண்டு வரச் சொன்னாரு. வண்டி மலையை விட்டுக் கிளம்பும்போது பனி. பாதி வழியில சேறு. கானல்புரம் வந்து சேரும்போது சளக் சளக்குன்னு ஒரு அண்டா தண்ணி. அமைச்சர் ஒரு டம்ளர் மொண்டு குடிச்சுப் பார்த்துட்டு, "ஆகா, அருமையான பனி மன்னா"ன்னாரு. சபையே குடிச்சுட்டு "பனின்னா இதுதான் பனி"ன்னுச்சு. ராஜா மட்டும், "இதுல எப்படிய்யா சறுக்குறது?"ன்னு கேட்டாரு.

அப்புறம் ரெண்டாவது. அரண்மனைப் படிக்கட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஆயிரம் குடம் இட்லி மாவைக் கொட்டச் சொன்னாரு. பார்க்க வெள்ளை வெளேர்னு பனி மாதிரியே இருந்துச்சாம். ராஜா கிரீடத்தை இறுக்கிக்கிட்டு உக்காந்தாரு. சர்ர்... பொளக்! நாலாவது படியில போய் ஒட்டிக்கிட்டாரு. இழுத்து எடுக்க எட்டு பேரு. மறுநாள் வெயில்ல மாவு பொங்கிச்சு பாரு, அரண்மனைக் கதவைத் திறக்க முடியல. புளிச்ச வாடை, அஞ்சு தெருவுக்கு. யாத்திரையில ஒருநாள் மாவு பொங்கி பஸ்ஸு டிக்கி நிறைஞ்சதுக்கே நான் பட்ட பாடு இருக்கே... சரி, அது வேற கதை.

"ம்."

சிரிக்கிற. சிரி. மூணாவதா, ராஜா தானே மலைக்குக் கிளம்பிட்டாரு. கூடவே அமைச்சர், ஜோசியர், காவலாளுங்க, கோடாலி தூக்கினவன் முப்பது பேரு.

கோடாலி எதுக்குன்னா, அந்த அமைச்சர் கானல்புரத்துல உக்காந்தே மலைக்குப் படம் போட்டுட்டாரு. மேலே மொட்டைச் சரிவு, கீழே ஊரு, நடுவுல கறுப்பா ஏதோ மை கொட்டின மாதிரி இருக்கு. அது காடு. "இந்த மையை அழிச்சுட்டா மன்னர் உச்சியிலேர்ந்து ஆறு வரைக்கும் ஒரே சறுக்கா வரலாம்"ன்னு குறிச்சுக்கிட்டாரு. பிள்ளைங்க சறுக்குற சின்ன மேட்டுல ராஜா சறுக்கினா மரியாதை என்னாகுறது?

ஆனா ஜனங்களைக் கையில போட்டுக்காம மரத்தை வெட்டினா முணுமுணுப்பாங்களே. அது ராஜாவுக்குத் தெரியாதா? முதல் நாள் அவங்க கம்பளித் தொப்பியை வாங்கித் தலையில வச்சுக்கிட்டாரு. "இன்னிலேர்ந்து நானும் சோரங்கு ஊர்க்காரன்!" டம் டம்னு முரசு. ரெண்டாம் நாள் அவங்க குடிக்கிற உப்பு டீயைக் குடிச்சாரு. டீயில வெண்ணெயும் உப்பும் போடுவாங்க, முகம் அஷ்டகோணலாச்சு, ஆனா விடல. "என் தாய் கொடுத்த மாதிரி இருக்கு, நான் உங்க ஊர்ப் பிள்ளை!" டம் டம். மூணாம் நாள் அவங்களோட கை கோத்துக்கிட்டு ஆடினாரு, தகதகன்னு, ரெண்டு பேரு காலை மிதிச்சாரு. ஆடி முடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாரு: "உங்க வழக்கம்தான் என் வழக்கம். என் கூட வந்த அத்தனை பேருக்கும் இனிமே இதுதான் சொந்த ஊரு. இது ராஜ கட்டளை!" அமைச்சர் அதை எழுதி, முத்திரை குத்தி, ஊர் நடுவுல தூண்ல ஒட்டிட்டாரு. டம் டம் டம்.

ஊர்க்காரங்களும் கை தட்டினாங்க. யாரு வந்தாலும் கை தட்டுற ஜனங்கதானே.

கைதட்டு அடங்கின உடனே அமைச்சர், "நம்ம ஊரு நல்லதுக்காக, முதல் பனி விழுற அன்னிக்கு நம்ம காட்டை வெட்டப் போறோம்"ன்னாரு. முதல் பனிதான் நல்ல சகுனம்னு ஜோசியர் சொன்னாராம்.

பெமா நேரா வீட்டுக்கு ஓடினா. ஏன்னா அந்த மரம்தான் மேல் சரிவுப் பனியைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. அவ மாமனார் காலத்துல பக்கத்து மலையில காடு இல்லாத பக்கமா பனி மொத்தமா சரிஞ்சு, கடகடகடன்னு இறங்கி, ஏழு வீட்டை ஆத்துக்குள்ள கொண்டு போயிடுச்சு. மரம் போனா முதல்ல போறது அவ வீடு. தொட்டில்ல அவ பொண்ணு வாயில விரலைப் போட்டுக்கிட்டுத் தூங்கிக்கிட்டிருக்கு. அவ அழுதா தேனு. அந்தக் குழந்தையைப் பார்த்துப் பார்த்து அழுதா. நானா இருந்தாலும் அழுதிருப்பேன்.

"ம்..."

அழுதுட்டு முகத்தைத் துடைச்சுக்கிட்டு அமைச்சரைப் பார்க்கப் போனா. "ஐயா, மரம் போச்சுன்னா பனி கீழ வந்துடும்"ன்னா.

"வரட்டுமே. மேல போய்ப் பார்க்க வேண்டிய வேலை மிச்சம்"ன்னாரு அமைச்சர்.

"ஊரே புதைஞ்சுடும் ஐயா."

"அப்படியா? மனு எழுதிக் கொடும்மா. மூணு பிரதி. போன தடவை பனி சரிஞ்சதை நேர்ல பார்த்தவங்க கையெழுத்து வேணும்."

"பார்த்தவங்க எல்லாம் ஆத்தோட போயிட்டாங்களே."

"அப்போ சாட்சி இல்லாத மனு"ன்னு கதவைச் சாத்திட்டாரு. பட்.

நடுவுல ஒரு கூத்து. மார்கழி ஒண்ணு, காலை பத்தரை மணிக்குப் பனி விழணும்னு பனித்துறையிலேர்ந்து உத்தரவு. ராஜா குடை பிடிச்சு வெளிய வந்து நிக்கிறாரு. பத்தரை ஆச்சு, பதினொண்ணு ஆச்சு, சுள்ளுன்னு வெயிலு. பனி ஏன் வரலைன்னு விசாரிக்க ஒரு குழு போட்டாங்க. குழு வந்து பெமாகிட்ட, "பனி எப்போம்மா வரும்?"ன்னு கேட்டுச்சு. "வரும்போது வரும்"னா. அதையும் எழுதிக்கிட்டுப் போனாங்க.

அப்புறம் ஒருநாள் விடியக்காலையில, சத்தமே இல்லாம, வந்துடுச்சு. பொல பொல பொலன்னு. கூரை வெள்ளை, வேலி வெள்ளை, யாக்கு முதுகு வெள்ளை. ஊரே வெளிய வந்துச்சு, எல்லாரும் கையை அக்குள்ல சொருகிக்கிட்டு. கோடாலிக்காரங்க மட்டும் கையை வெளிய வச்சு, கோடாலியைத் தீட்டிக்கிட்டிருந்தாங்க. சர்க் சர்க். சர்க் சர்க். அந்தச் சத்தம் பெமா வீட்டுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு.

பெமா மூணு செம்புக் கிண்ணம் எடுத்தா. வாசல்ல விழுந்த புதுப் பனியை அள்ளி மூணுலயும் நிரப்பினா. மேல பட்டுத்துணி போட்டு மூடினா. பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. என்ன பண்ணப் போறான்னு தெரியுதா?

"ம்! ம்!"

ராஜா கூடாரத்து வாசல்ல காவலாளி. "யாரது? மன்னரைப் பார்க்க முடியாது"ன்னான்.

"பார்க்க வேணாம்ப்பா. ஏதோ ஏழைப் பரிசு, நீயாவது வாங்கிக்கோ"ன்னா. அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், லபக்குன்னு வாங்கிட்டான். துணியைத் தூக்கிப் பார்த்தா பனி! "உங்க ராஜா ஒட்டின கட்டளையைத் தூண்ல படிச்சியா? நீயும் இப்போ எங்க ஊர்க்காரன். வழியை விடு"ன்னா. அவன் பதினஞ்சு நாளா அந்த ஊர் அடுப்புலதான் குளிர் காயறான். பேசாம நகர்ந்துட்டான்.

உள்ளே அமைச்சர். "மன்னருக்குன்னு வர்றது எல்லாம் முதல்ல என் கைக்குத்தான் வரணும், அதுதான் முறை"ன்னு அவரே கையை நீட்டினாரு. பெமா ரெண்டாவது கிண்ணத்தைக் கொடுத்தா. அவரு துணியைத் தூக்கி, ஒரு விரலால தொட்டு, நக்கிப் பார்த்துட்டு, "இது என்னது?"ன்னாரு. பாவம், பனித்துறை அமைச்சரு, அன்னிக்குத்தான் முதல்முதலா பனியைத் தொடறாரு! "நீங்க எழுதி முத்திரை குத்தினதுதானே ஐயா வழக்கம்? நான் மன்னர்கிட்ட பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் நான் கேக்குறது"ன்னா. அமைச்சர் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாரு, தன்னோட முத்திரை ஞாபகம் வந்துச்சு, லப்புன்னு மூடிக்கிட்டாரு.

அப்புறம் ராஜா. கம்பளித் தொப்பியோட வெளிய வந்து நிக்கிறாரு. சுத்தி ஊரே நிக்குது. பெமா மூணாவது கிண்ணத்தோட முன்னாடி போனா. ராஜா என்ன ஏதுன்னு கேக்கணும்ல? கேக்கல. அவரு கைதான் எப்பவும் நீட்டியே இருக்குமே! பரிசைப் பார்த்ததும் கை தானா முன்னாடி வந்துடுச்சு. வாங்கிட்டாரு. வாங்கிட்டு வழக்கம்போல, "மகிழ்ச்சி, மகிழ்ச்சி"ன்னு கூட்டத்தைப் பார்த்துச் சிரிச்சாரு.

பெமா துணியை விலக்கினா.

"ராஜாவே, முதல் பனியை என் கையால வாங்கிட்டீங்க. நான் ஒண்ணு கேப்பேன், நீங்க செய்யணும். எங்க காட்டுல ஒரு மரத்தையும் யாரும் வெட்டக் கூடாது. இன்னிக்கும் கூடாது, எங்க பிள்ளைங்க காலத்துலயும் கூடாது."

ராஜா அமைச்சரைப் பார்த்தாரு. அமைச்சர் வாயைப் பொத்திக்கிட்டு மேல வானத்தைப் பார்த்தாரு.

"அத்தை... நான் இந்த ஊர்க்காரன் இல்லன்னு ராஜா சொல்லிட்டா?"

அடி என் சமத்துக்குட்டி, அதைத்தான் சொல்லப் பார்த்தாரு. "நான்... அதாவது... நான் உண்மையில..."ன்னு இழுத்தாரு. அப்போ கூட்டத்துலேர்ந்து ஒரு கிழவி, "ஊர்க்காரன் இல்லன்னா தொப்பியைக் கழட்டு"ன்னா. இன்னொருத்தன், "குடிச்ச டீயைத் திருப்பிக் கொடு"ன்னான். பிள்ளைங்க எல்லாம் "மிதிச்ச காலுக்கு என்ன பதிலு?"ன்னுச்சுங்க. முரசு அடிக்கிறவனுக்கு என்ன புரிஞ்சுச்சோ, ராஜா ஏதோ அறிவிக்கிறாருன்னு நெனச்சு டம் டம்னு அடிச்சுட்டான். மூணு நாளா ஊர்க்காரன் ஊர்க்காரன்னு முரசு அடிச்சுச் சொன்ன வாயால இல்லைன்னு எப்படிச் சொல்றது? கானல்புரத்துல கேள்விப்பட்டா சிரிக்க மாட்டாங்களா?

ராஜா தொப்பியைத் தொட்டுப் பார்த்துட்டு, "கோடாலியைக் கீழ போடுங்க"ன்னாரு. டங், டங், டங்... முப்பது கோடாலி.

பெமா அங்கேயே பனியில உக்காந்துட்டா. முதுகுல இருந்த பிள்ளையை முன்னாடி இழுத்து அணைச்சுக்கிட்டா. அவளுக்குச் சந்தோஷம் தாங்கல.

ராஜா மெதுவா கேட்டாரு, "அப்போ நான் சறுக்கவே முடியாதா?" பாவமாத்தான் இருந்துச்சாம், சின்னப் பிள்ளை மாதிரி. பெமா எழுந்து போய் ஒரு பலகையை எடுத்துட்டு வந்து கீழ வச்சா. கையில கொடுக்கல. "அதோ அந்த மேடு. பிள்ளைங்க வரிசையில நிக்குதுங்க, கடைசியில போய் நில்லுங்க"ன்னா.

நின்னாரு. வாழ்க்கையில முதல் தடவை வரிசையில நின்னாரு. முதல் தடவை, சர்ர்... பொத், முகம் குப்புற. ரெண்டாவது தடவை, சர்ர்ர்... பொத், யாக்கு மேல போய் முட்டினாரு. மூணாவது தடவை, சர்ர்ர்ர்ர்ர்ர்ர்... போய் நின்னாரு பாரு கீழ! தொப்பி பறந்து போச்சு, பல்லெல்லாம் பனி, "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"ன்னு மேல ஓடினாரு. கை ரெண்டும் கயித்தைப் பிடிச்சிருந்ததுல, அன்னிக்கு ஒருநாள்தான் அவரு யார்கிட்டயும் கை நீட்டல.

"ம்..."

அப்புறம் என்ன? கீழ இறங்கிப் போனதும் ராஜா ராஜாவாயிட்டாரு. ‘வெற்றிக்கொடியார் காத்த காடு’ன்னு ஆளுயரக் கல்லு வெட்டி அனுப்பிட்டாரு. பெமா பேரு அதுல இல்ல. அமைச்சருக்கு, வாயை மூடிக் காட்டைக் காத்ததுக்காக, இன்னொரு துறை சேர்த்துக் கொடுத்தாங்க. அந்தக் கல்லு இன்னும் காட்டோரமா நிக்குது. மார்கழியிலேர்ந்து பங்குனி வரைக்கும் எழுத்தை எல்லாம் பனி மூடிடும். மிச்ச நாள்ல முதுகு அரிக்கும்போது பெமாவோட யாக்கு வந்து அதுல சொரிஞ்சுக்கும். பெமா பொண்ணு வளர்ந்து, அதே மேட்டுல, அதே மரத்துக்குக் கீழ சர்ர்ர்னு சறுக்கிச்சு.

அவ்வளவுதான். கதை மலை மேலேயே நிக்கட்டும், நம்ம கீழ இறங்குவோம்.

"அத்தை, கைக்குட்டை எல்லாம் ஈரம். ஐஸ் உருகிப் போச்சு."

உருகினா என்ன? இந்த வருஷத்து முதல் ஐஸை யார் கையால வாங்கின?

"...உங்க கையால."

நானா கொடுத்தேன், நீயா கை நீட்டி வாங்கின. ராஜாவாலேயே மீற முடியல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், செய்யணும்.

"என்ன?"

கண்ணை மூடித் தூங்குடி.